நிலவரைபடத்தில் எண்ணளவைக் காட்டும் குறியீடுகள்: கீழ்பென்னாத்தூர்ப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மக்கள்தொகை, விளைச்சல், வாக்கு, கல்வெட்டு முதலிய எண்ணத்தக்க பொருள்களை நிலவரைபடத்தில் காட்டுவதற்கு அளவு மாறும் குறியீடுகள் பயன்படுகின்றன. இக்குறியீடுகள் வரைவோரின் விருப்பத்திற்கு ஏற்ப அமைபவை அல்ல. அவற்றிற்குக் கணித அடிப்படையும் காட்சி உணர்வு சார்ந்த அடிப்படையும் உண்டு. அவை புறக்கணிக்கப்படும்போது சரியான புள்ளிவிவரமும் தவறான படமாகிறது. அதனால் முதலில் பாதிக்கப்படுவன சிற்றூர்களே. திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழ்பென்னாத்தூரையும் அதன் சூழலையும் சான்றாகக் கொண்டு, அலகுத் தேர்வு, குறியீட்டின் அளவுக் கணக்கு, வகுப்புப் பிரிப்பு, மறைப்பு, குறிவிளக்கம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நடுகல், கல்வெட்டுப் பரவல் படங்களுக்கும் இவ்விதிகள் பொருந்துமாற்றை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கருத்துசார் நிலவரைபடம், விகிதமுறைக் குறியீடு, வகுப்புமுறைக் குறியீடு, புள்ளிப் படம், குறிவிளக்கம், கீழ்பென்னாத்தூர், செங்கம் நடுகற்கள்

முன்னுரை

நிலவரைபடங்களில் இடம்பெறும் குறியீடுகள் இருவகைப் பணிகளைச் செய்கின்றன. கோயில், ஏரி, இருப்புப்பாதை, அஞ்சலகம் ஆகியவற்றைக் குறிக்கும் அடையாளங்கள் ‘இங்கு இது உள்ளது’ என்று மட்டுமே கூறுகின்றன. இந்திய நில அளவைத் துறையின் இடவிளக்கப் படங்களில் காணப்படும் மரபுக் குறியீடுகள் பெரும்பாலும் இவ்வகையின. மற்றொரு வகைக் குறியீடுகள் ‘இங்கு இது இவ்வளவு உள்ளது’ என்று கூறுகின்றன. இவ்விரண்டாம் வகையே கருத்துசார் நிலவரைபடங்களின் அடிப்படை.

தமிழியல் ஆய்வில் நிலவரைபடத்தின் பங்கு புதியதன்று. சோழநாட்டின் நாடு, கூற்றம் ஆகிய பிரிவுகளைக் கல்வெட்டுச் சான்றுகளால் வரையறுத்த எ. சுப்பராயலுவின் ஆய்வு 1973இல் நூலாக வெளிவந்தது. அதன் பின்னர் வரலாறு, தொல்லியல், மொழியியல், நாட்டார் வழக்காற்றியல் ஆகிய துறைகளின் ஆய்வேடுகளில் படங்கள் பெருகின. புவியியல் தகவல் முறைமை மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கும் இக்காலத்தில் அட்டவணையொன்றைப் படமாக மாற்றுவதற்குச் சில நிமிடங்களே போதும். எனினும், மென்பொருள் எந்த விதியின்படி வட்டத்தைப் பெரிதாக்குகிறது என்பதை அறியாமல் உருவாக்கப்படும் படம், ஆய்வாளர் கருதாத முடிவைப் படிப்போரிடம் சேர்த்துவிடக்கூடும்.

பெயர் ஒன்று, அலகு பல

குறியீட்டின் அளவைக் கணக்கிடுவதற்கு முன்னர் அது எந்த நிலப்பரப்பின் அளவைக் குறிக்கிறது என்பது தெளிவாக வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது கீழ்பென்னாத்தூர். இப்பெயர் நான்கு நிருவாக அலகுகளுக்கு வழங்குகிறது. பேரூராட்சி ஒன்று, ஊராட்சி ஒன்றியம் ஒன்று, வருவாய் வட்டம் ஒன்று, சட்டமன்றத் தொகுதி ஒன்று. இத்தொகுதி 2008ஆம் ஆண்டின் மறுவரையறையால் 64ஆம் எண்ணுள்ள தொகுதியாக உருவாகி, 2011இல் முதல் தேர்தலைச் சந்தித்தது. நான்கு அலகுகளின் எல்லைகளும் ஒன்றல்ல. சான்றாக, வேட்டவலம் தனிப் பேரூராட்சி. ஆனால் கீழ்பென்னாத்தூர் வட்டத்தில் அடங்குவது.

எனவே ‘கீழ்பென்னாத்தூர்’ என்று எழுதி, அதன்மேல் ஒரு வட்டத்தை வரைந்தால் அது பேரூராட்சியின் மக்களையா, ஒன்றியத்தின் நிலக்கடலைப் பரப்பையா, தொகுதியின் வாக்காளர்களையா குறிக்கிறது என்பதைப் படம் சொல்லியாக வேண்டும். ஒரே படத்தில் திருவண்ணாமலைக்கு நகராட்சி எண்ணும் கீழ்பென்னாத்தூருக்கு வட்டத்தின் எண்ணும் இடப்பட்டால் வட்டங்களின் ஒப்பீடு பொருளற்றதாகும்.

காலமும் அலகை மாற்றுகிறது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து 1989இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. இப்போது 38 உள்ளன. அக்கணக்கெடுப்பில் விழுப்புரத்திற்குக் கூறப்படும் 34,58,873 என்னும் எண், 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியது. அந்த எண்ணை இன்றைய எல்லைப் படத்தில் விழுப்புரத்தின்மேல் இட்டால், கள்ளக்குறிச்சி வெற்றிடமாகவும் விழுப்புரம் மிகைப்பெருக்கமாகவும் தோன்றும். புள்ளிவிவரத்தின் ஆண்டும் எல்லைப் படத்தின் ஆண்டும் ஒன்றாக இருத்தல் முதல் நிபந்தனை.

எண்ணிக்கையும் விகிதமும்

நிலவரைபடத்தில் காட்டப்படும் அளவுகளுள் மொத்த எண்ணிக்கையும் விகிதமும் வேறுபடுத்தி உணரத்தக்கவை. மக்கள் எத்தனை பேர், நடுகற்கள் எத்தனை, விளைச்சல் எத்தனை டன் என்பன எண்ணிக்கை. சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர், ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள், நூற்றுக்கு எத்தனை பேர் எழுத்தறிவுடையோர் என்பன விகிதம். எல்லைக்குட்பட்ட பரப்பு முழுவதையும் நிறச்செறிவால் நிரப்பும் கோரோப்ளெத் முறை விகிதத்திற்கு உரியது. மொத்த எண்ணிக்கைக்கு உரியது அளவு மாறும் குறியீடு.

இவ்விதியை மீறினால் நேர்வதை 2011ஆம் ஆண்டின் எண்கள் காட்டுகின்றன. சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 24,64,875. மொத்த எண்ணிக்கையை நிறச்செறிவால் காட்டினால் சென்னைக்கு மிக அடர்ந்த நிறமும் திருவண்ணாமலைக்கு இடைநிலை நிறமும் கிடைக்கும். ஆனால் அன்றைய சென்னையின் பரப்பு ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டர். திருவண்ணாமலையின் பரப்பு ஏறத்தாழ 6,190 சதுர கிலோமீட்டர். தாளில் திருவண்ணாமலையின் நிறம் சென்னையின் நிறத்தைப் போல 35 மடங்கு இடத்தை நிரப்பும். கண் நிறத்தின் அடர்த்தியோடு அதன் பரப்பையும் சேர்த்தே அளவாகக் கொள்வதால், மாநிலத்தின் மிகுதியான மக்கள் வாழும் மாவட்டம் கரையோரப் புள்ளியாகச் சுருங்கிவிடும்.

விழுப்புரமும் கோயம்புத்தூரும் இன்னும் தெளிவான சான்றுகள். 2011இல் விழுப்புரத்தில் 34,58,873 பேரும் கோயம்புத்தூரில் 34,58,045 பேரும் வாழ்ந்தனர். வேறுபாடு 828 பேர் மட்டுமே. விகிதமுறை வட்டங்களால் காட்டினால் இரண்டும் ஒரே அளவின. அடர்த்தியை நிறச்செறிவால் காட்டினால் கோயம்புத்தூர் தெளிவாக அடர்ந்து தோன்றும்; ஏனெனில் அதன் பரப்பு விழுப்புரத்தின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. இரண்டு படங்களும் உண்மையே. ஒன்று ‘எத்தனை பேருக்கு’ என்னும் வினாவிற்கும் மற்றொன்று ‘எவ்வளவு நெருக்கமாக’ என்னும் வினாவிற்கும் விடை கூறுகின்றன. குடிமைப் பொருள் வழங்கலைத் திட்டமிடுவோருக்கு முதற்படமும் நில நெருக்கடியை ஆராய்வோருக்கு இரண்டாவது படமும் பயன்படும்.

குறியீட்டு முறையின் தோற்றம்

எண்ணளவை வடிவத்தின் பரப்பால் காட்டும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. வில்லியம் பிளேபேர் 1801இல் வெளியிட்ட நூலில் நாடுகளின் நிலப்பரப்பை வட்டங்களால் ஒப்பிட்டார். அவை நிலவரைபடத்தின்மேல் இடப்பட்டவை அல்ல. அயர்லாந்தில் இருப்புப்பாதை அமைப்பதற்கான ஆணையத்திற்காக ஹென்றி துரூரி ஹார்னெஸ் 1837இல் உருவாக்கிய படங்களில் நகரங்களின் மக்கள்தொகை அளவு மாறும் வட்டங்களாகவும் போக்குவரத்து அகலம் மாறும் கோடுகளாகவும் இடம்பெற்றன. பாதையை எங்கே அமைப்பது என்னும் பொதுச்செலவு சார்ந்த வினாவிற்கு விடை தேடியே இம்முறை உருவானது என்பது கருதத்தக்கது. பிரெஞ்சுப் பொறியாளர் சார்லசு மினார் 1858இல் பாரிசு நகருக்கு மாவட்டங்கள் அனுப்பிய இறைச்சியின் அளவைப் பகுக்கப்பட்ட வட்டங்களால் காட்டினார். சுவீடனின் மக்கள்தொகைப் படத்தை 1919இல் வெளியிட்ட ஸ்டென் தி யீர், ஊரகத்தைப் புள்ளிகளாலும் நகரங்களைக் கோளங்களாலும் குறித்தார். ஜாக் பெர்த்தென் 1967இல் வெளியிட்ட நூல், வடிவம், நிறம், செறிவு, அளவு ஆகிய காட்சிக் கூறுகளை வகுத்து, எண்ணளவை நேரடியாக உணர்த்த வல்லது அளவு என்னும் கூறே என்று நிறுவியது.

வட்டத்தின் கணக்கு

வட்டத்தைக் காண்போர் அதன் ஆரத்தைக் காண்பதில்லை, பரப்பையே காண்கின்றனர். ஆரம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே எண்ணுக்கு நேர்விகிதத்தில் அமைய வேண்டியது பரப்பு. அதற்கு ஆரம் எண்ணின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருத்தல் வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் நகரங்களைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம். 2011இல் திருவண்ணாமலை நகரத்தின் மக்கள்தொகை 1,45,278, ஆரணி 63,671, திருவத்திபுரம் 37,802. இவற்றோடு, கீழ்பென்னாத்தூர் போன்ற சிறுநகரங்களுக்கு நேர்வதைக் காணும் பொருட்டு, கணக்கெடுப்புத் துறையின் நான்காம் வகுப்பு நகரத்திற்குரிய கீழெல்லையான 10,000 என்னும் எண்ணும் சேர்க்கப்படுகிறது. மிகப்பெரிய வட்டத்தின் ஆரம் 12 மில்லிமீட்டர் எனக் கொண்டால் ஏனைய ஆரங்கள் பின்வருமாறு அமையும்.

அட்டவணை 1: மூன்று விதிகளின்படி வட்டத்தின் ஆரம் (மி.மீ.)

| இடம் | மக்கள்தொகை | ஆரம் எண்ணுக்கு நேர்விகிதம் | ஆரம் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதம் | பிளானரி திருத்தம் |
|---|---|---|---|---|
| திருவண்ணாமலை | 1,45,278 | 12.0 | 12.0 | 12.0 |
| ஆரணி | 63,671 | 5.3 | 7.9 | 7.5 |
| திருவத்திபுரம் | 37,802 | 3.1 | 6.1 | 5.6 |
| நான்காம் வகுப்பின் கீழெல்லை | 10,000 | 0.8 | 3.1 | 2.6 |

முதல் விதி தவறானது. அதன்படி திருவண்ணாமலையின் வட்டம் திருவத்திபுரத்தின் வட்டத்தைப் போல ஏறத்தாழ 15 மடங்கு பரப்புடையதாகிறது. உண்மை வேறுபாடு 3.8 மடங்கே. பத்தாயிரம் மக்கள் வாழும் ஊரோ 0.8 மில்லிமீட்டர் ஆரத்தில் அச்சுப் பிழை போன்ற புள்ளியாகிவிடுகிறது. அட்டவணையில் பதினான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உள்ள ஊர், படத்தில் இருநூறில் ஒரு பங்காகிறது. இரண்டாம் விதியில் அதே ஊர் 3.1 மில்லிமீட்டர் ஆரத்துடன் தெளிவாகத் தெரிகிறது. எண் மாறவில்லை, விதி மட்டுமே மாறியுள்ளது.

சதுரத்திற்கும் இவ்விதியே பொருந்தும். அங்குப் பக்கத்தின் நீளம் வர்க்கமூலத்திற்கு ஏற்ப அமைய வேண்டும். நிலக்கடலை மூட்டை, நெற்கதிர் போன்ற ஓவியக் குறியீடுகளில் பிழை எளிதில் நுழைகிறது. விளைச்சல் இருமடங்கு என்பதற்காக மூட்டையின் உயரத்தை இருமடங்காக்கினால் அகலமும் உடன் வளர்ந்து, மூட்டை நான்கு மடங்காகத் தோன்றும். அளவு மாறாத சிறு மூட்டைகளை எண்ணிக்கையில் கூட்டுவதே அங்கு ஏற்றது. பட்டைக் குறியீட்டில் நீளம் ஒன்றே மாறுவதால் எண்ணுக்கு நேர்விகிதம் போதும்.

கோளக் குறியீட்டில் ஆரம் முப்படிமூலத்திற்கு ஏற்ப அமைகிறது. அதன்படி பத்தாயிரம் பேர் வாழும் ஊருக்கு 4.9 மில்லிமீட்டர் ஆரம் கிடைக்கும். சிறியதும் பெரியதும் ஒரே தாளில் அடங்கும் வசதி இதில் உண்டு. ஆனால் தட்டையான தாளில் படிப்போர் கோளத்தையும் வட்டமாகவே காண்பதால், 14.5 மடங்கு வேறுபாடு 6 மடங்கு போலத் தோன்றிவிடும்.

கண்ணின் கணக்கு

பரப்பைச் சரியாக வரைந்தாலும் கண் அதனைச் சரியாக அளப்பதில்லை. கோட்டின் நீளத்தை மனிதக் கண் ஓரளவு துல்லியமாக ஒப்பிடுகிறது. வட்டத்தின் பரப்பை ஒப்பிடும்போது பெரிய வட்டத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறது. ஜேம்சு பிளானரி 1956ஆம் ஆண்டின் ஆய்வேட்டிலும் 1971ஆம் ஆண்டின் கட்டுரையிலும் இதனை ஆய்ந்து, உணரப்படும் அளவு உண்மை அளவின் ஏறத்தாழ 0.87ஆம் அடுக்காக அமைகிறது எனக் கண்டார். அதன்படி 14.5 மடங்கு பெரிய வட்டம் ஏறத்தாழ 10 மடங்கு பெரியதாகவே மதிப்பிடப்படும். இதனை ஈடுசெய்ய, ஆரத்தை எண்ணின் 0.5ஆம் அடுக்கிற்குப் பதிலாக ஏறத்தாழ 0.57ஆம் அடுக்கிற்கு ஏற்ப அமைக்கும் திருத்தத்தை அவர் முன்வைத்தார். கியூஜிஐஎஸ் மென்பொருளின் அளவு உதவிக் கருவியில் இத்திருத்தம் அவர் பெயராலேயே ஒரு தெரிவாக இடம்பெற்றுள்ளது.

இத்திருத்தத்தைக் கண்மூடி ஏற்பது பொருந்தாது. மிகப்பெரிய வட்டத்தின் அளவு தாளின் இடத்தால் முன்னரே வரையறுக்கப்படும்போது, திருத்தம் பெரியதைப் பெரிதாக்குவதில்லை. சிறியதையே மேலும் சிறிதாக்குகிறது. அட்டவணை 1இல் பத்தாயிரம் பேர் வாழும் ஊரின் ஆரம் 3.1இலிருந்து 2.6 மில்லிமீட்டராகக் குறைகிறது. பரப்பில் இது மூன்றில் ஒரு பங்கு இழப்பு. ஆய்வின் பொருள் பெருநகர ஆதிக்கம் எனில் இதனால் தீங்கில்லை. ஆய்வின் பொருள் சிறுநகரங்கள் எனில், பொருளே படத்திலிருந்து நழுவுகிறது. மேலும், 0.87 என்பது பலரின் மதிப்பீடுகளிலிருந்து பெறப்பட்ட சராசரி. ஆளுக்கு ஆள் அது வேறுபடும். பரப்பைக் கணிதப்படி வரைந்து, தெளிவான குறிவிளக்கத்தால் படிப்போருக்கு உதவுவதே பாதுகாப்பான வழி. திருத்தம் பயன்படுத்தப்பட்டால் அது படத்தின் அடியில் குறிக்கப்பட வேண்டும்.

சூழலும் மதிப்பீட்டை மாற்றுகிறது. பெரிய வட்டங்களால் சூழப்பட்ட வட்டம் உள்ளதினும் சிறியதாகவும், சிறிய வட்டங்களால் சூழப்பட்டது பெரியதாகவும் தோன்றும். உளவியலில் எபிங்காசு மாயத்தோற்றம் எனப்படும் இவ்விளைவால், திருவண்ணாமலையின் அருகில் உள்ள கீழ்பென்னாத்தூரின் வட்டம், சவ்வாது மலைப்பகுதியில் தனித்து நிற்கும் அதே அளவுள்ள வட்டத்தைக் காட்டிலும் சிறியதாக மதிப்பிடப்பட இடமுண்டு.

விகிதமுறையும் வகுப்புமுறையும்

ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனி அளவில் குறியீடு அமைவது விகிதமுறை. எண்களைச் சில வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு ஓர் அளவு என அமைப்பது வகுப்புமுறை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நகரங்களை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஒரு இலட்சத்திற்கு மேற்பட்டவை முதல் வகுப்பு. 50,000 முதல் 99,999 வரை இரண்டாம் வகுப்பு. 20,000 முதல் 49,999 வரை மூன்றாம் வகுப்பு. 10,000 முதல் 19,999 வரை நான்காம் வகுப்பு. 5,000 முதல் 9,999 வரை ஐந்தாம் வகுப்பு. அதற்குக் கீழ்ப்பட்டவை ஆறாம் வகுப்பு.

வகுப்புமுறையின் நன்மை தெளிவு. படிப்போர் ஐந்து அல்லது ஆறு அளவுகளை எளிதில் வேறுபடுத்தி, குறிவிளக்கத்தோடு பொருத்திக்கொள்வர். அதன் குறை வகுப்பினுள் உள்ள வேறுபாடு மறைதல். மேற்கூறிய பிரிப்பின்படி 1,45,278 பேர் வாழும் திருவண்ணாமலையும் 46 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழும் சென்னையும் ஒரே குறியீட்டைப் பெறும். உண்மை வேறுபாடு ஏறத்தாழ 32 மடங்கு. மறுபுறம் 19,999 பேர் வாழும் ஊரும் 20,000 பேர் வாழும் ஊரும் வெவ்வேறு குறியீடுகளைப் பெறும்.

ஆகவே மாநில அளவிலான படத்திற்கு உருவாக்கப்பட்ட வகுப்பு எல்லைகளை வட்ட அளவிலான படத்திற்கு அப்படியே எடுத்தாளுதல் தகாது. கீழ்பென்னாத்தூர் வட்டத்தின் ஊர்களை மட்டும் காட்டும் படத்தில், பெரும்பாலான ஊர்கள் ஒரே வகுப்பில் விழுந்து, படம் எதையும் கூறாமல் போகும். அங்கு எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, இயல்பான இடைவெளிகள் எங்கு விழுகின்றன என்று கண்டபின் வகுப்பெல்லைகளை அமைப்பது முறை.

நெருக்கமும் மறைப்பும்

கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலைக்குக் கிழக்கே 20 கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவில் உள்ளது. 1:20,00,000 அளவையில் வரையப்படும் படத்தில் இத்தொலைவு 10 மில்லிமீட்டரைத் தாண்டாது. திருவண்ணாமலைக்கு 12 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டம் இடப்பட்டால் கீழ்பென்னாத்தூரின் மையப்புள்ளி அவ்வட்டத்தினுள்ளேயே விழும். மென்பொருள் அட்டவணையின் வரிசையிலேயே வட்டங்களை வரையுமாயின், பெரிய வட்டம் பின்னர் வரையப்பட்டுச் சிறியதை முற்றிலும் மூடிவிடக்கூடும். அட்டவணையில் இருந்த ஊர் படத்தில் இல்லாமற்போகும். படிப்போருக்கு அது தெரியவும் வாய்ப்பில்லை.

இதனைத் தவிர்க்கும் வழிகள் சில உள்ளன. பெரிய வட்டங்களை முதலிலும் சிறியவற்றை அவற்றின் மேலும் வரையலாம். வட்டங்களுக்கு வெண்ணிற விளிம்பு இடலாம். உள்நிறத்தை ஒளிபுகுமாறு அமைக்கலாம். எல்லா வட்டங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கலாம். ஆனால் அப்போது மிகச் சிறியவை காணமுடியாத அளவை எட்டாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். நெருக்கமான பகுதியை மட்டும் பெரிதாக்கித் துணைப்படமாகத் தரலாம். குறியீட்டை இடம் மாற்றி வைத்தல் கடைசி வழி; அப்போது உண்மை இடத்தை மெல்லிய கோட்டால் இணைத்துக் காட்டுதல் வேண்டும்.

புள்ளிப் படமும் பகுவட்டமும்

பரந்து கிடக்கும் பொருளுக்கு ஒரே பெரிய வட்டத்தைக் காட்டிலும் புள்ளிப் படம் ஏற்றது. திருவண்ணாமலை மாவட்டத்தின் முக்கியப் பயிர்களுள் ஒன்றான நிலக்கடலையைக் காட்டும்போது, ஒரு புள்ளி 100 எக்டேர் எனக் கொண்டு, பயிர் விளையும் இடங்களில் புள்ளிகளை இடலாம். புள்ளியின் மதிப்பு மிகச் சிறிதாயின் புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து கறையாகும். மிகப் பெரிதாயின் குறைந்த பரப்பில் பயிரிடும் ஊர்கள் ஒரு புள்ளியும் பெறாமல் விடுபடும்.

மென்பொருள்கள் புள்ளிகளை எல்லைக்குள் தற்போக்காகச் சிதறவிடுகின்றன. ஏரிகள் மிகுந்த இப்பகுதியில் அவ்வாறு செய்தால் ஏரியின் நீர்ப்பரப்பிலும் காப்புக்காட்டிலும் நிலக்கடலை விளைவதாகப் படம் கூறும். நீர்நிலை, காடு, மலை ஆகியவற்றை முன்னரே விலக்கிவிட்டு எஞ்சிய சாகுபடி நிலத்தில் மட்டும் புள்ளிகளைப் பரப்புவது அடிப்படைத் தேவை.

மொத்தத்தோடு அதன் உட்பிரிவையும் காட்டுவது பகுவட்டம். முன்னர்க் கூறிய விழுப்புரமும் கோயம்புத்தூரும் ஒரே அளவுள்ள வட்டங்களைப் பெற்றாலும், நகர்ப்புறப் பங்கைப் பகுத்துக் காட்டினால் கோயம்புத்தூரின் வட்டத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கும் விழுப்புரத்தின் வட்டத்தில் ஏழில் ஒரு பங்கு அளவும் நகர்ப்புறமாக அமையும். சம எண்ணிக்கையின் உள்ளடக்கம் எவ்வளவு வேறானது என்பது ஒரே பார்வையில் விளங்கும். ஆயினும் எல்லா உட்பிரிவும் பகுவட்டத்திற்கு ஏற்றதன்று. 2011இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் 12,35,889 ஆண்களும் 12,28,986 பெண்களும் வாழ்ந்தனர். இதனைப் பகுவட்டமாக வரைந்தால் இரண்டு சமபாதிகளே தெரியும். ஆயிரம் ஆண்களுக்கு 994 பெண்கள் என்னும் விகிதமாக மாற்றி, வட்டத்தின் நிறச்செறிவால் காட்டுவதே அங்குப் பயன்தரும்.

தமிழியல் ஆய்வுப் படங்களில் குறியீடு

இதே மாவட்டத்தின் செங்கம் பகுதி நடுகல் ஆய்வில் சிறப்பிடம் பெற்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுப்பை 1972இல் வெளியிட்டது. அவ்வாறான தொகுப்புகளின் அடிப்படையில் ஊர்வாரியாக நடுகற்களின் எண்ணிக்கையை வட்டங்களாகக் காட்டினால் செங்கத்தைச் சூழ்ந்து பெரிய வட்டங்கள் திரளும். கிழக்கே கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வெற்றிடம் மிகுதியாகத் தோன்றும். இதிலிருந்து ‘நடுகல் மரபு மேற்கே செழித்தது, கிழக்கே இல்லை’ என்று முடிவு கூற முடியுமா என்பதே வினா. வட்டம் காட்டுவது பதிவான நடுகற்களின் எண்ணிக்கை. அது வரலாற்றில் நடப்பட்டவற்றின் எண்ணிக்கை அன்று. முறையாகக் களஆய்வு நிகழ்ந்த பகுதியும் நிகழாத பகுதியும் ஒரே படத்தில் ஒப்பிடப்படும்போது, குறியீடு மரபின் பரவலோடு ஆய்வின் பரவலையும் சேர்த்தே காட்டுகிறது.

இதற்குத் தீர்வு குறியீட்டிலேயே உள்ளது. களஆய்வு செய்தும் எதுவும் கிடைக்காத ஊருக்கு ஓர் அடையாளமும், களஆய்வு நிகழாத ஊருக்கு வேறோர் அடையாளமும் தரப்பட வேண்டும். சுழியமும் தரவின்மையும் ஒன்றல்ல. இரண்டையும் வெற்றிடமாக விடும் படம், தேடப்படாத ஊரை வரலாறற்ற ஊராக்கிவிடுகிறது.

கல்வெட்டுப் பரவல் படங்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் போன்ற பெருங்கோயிலில் மிகப் பல கல்வெட்டுகள் ஒரே இடத்தில் குவிந்துள்ளன. சூழ்ந்துள்ள சிற்றூர்க் கோயில்களில் ஒன்றோ சிலவோ கிடைக்கலாம். விகிதமுறை வட்டம் இட்டால் கோயில் நகரின் வட்டம் அச்சிற்றூர்களை எல்லாம் மூடிவிடும். ஆய்வின் வினா ‘கொடைகள் எங்குக் குவிந்தன’ என்பதாயின் அப்படம் தகும். ‘எந்தெந்த ஊர்களில் கல்வெட்டு உண்டு’ என்பதாயின் எல்லா ஊர்களுக்கும் ஒரே அளவுள்ள புள்ளியே தகும். துண்டுக் கல்வெட்டுகளைத் தனித்தனியே எண்ணுவதா, ஒன்றாகக் கொள்வதா என்னும் முடிவும் வட்டத்தின் அளவை மாற்றும். எண்ணும் முறை கட்டுரையில் கூறப்படுதல் வேண்டும்.

குறிவிளக்கம்

அளவு மாறும் குறியீட்டிற்குக் குறிவிளக்கமே அளவுகோல். அஃது இல்லாத படத்தில் எது பெரிது, எது சிறிது என்பது மட்டுமே தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. விகிதமுறைப் படத்தின் குறிவிளக்கத்தில் குறைந்தது மூன்று முழு எண்களுக்கான வட்டங்கள் இடம்பெற வேண்டும். அட்டவணை 1இன் நகரங்களுக்கு 10,000, 50,000, 1,50,000 ஆகியவை பொருத்தமானவை. அவை படத்தின் மிகச் சிறிய, இடைப்பட்ட, மிகப் பெரிய அளவுகளைத் தழுவி நிற்கின்றன. பெரிய வட்டம் மட்டும் தரப்பட்டால் சிறிய ஊர்களின் அளவைப் படிப்போர் ஊகிக்க நேரும்.

குறிவிளக்கத்தின் வட்டங்களும் படத்தின் வட்டங்களும் ஒரே விதியால் வரையப்பட்டவையாக இருத்தல் வேண்டும். ஆய்விதழின் பக்கத்திற்கு ஏற்பப் படம் சுருக்கப்படும்போது குறிவிளக்கமும் உடன் சுருங்க வேண்டும். ‘1 செ.மீ. ஆரம் = 1 இலட்சம்’ என்று சொல்லால் மட்டும் எழுதப்பட்ட விளக்கம், படம் சுருங்கிய அளவிலேயே பொய்யாகிவிடும்; வரைந்து காட்டப்பட்ட வட்டம் எவ்வளவு சுருங்கினாலும் மெய்யாகவே நிற்கும். தரவின் ஆண்டு, அலகு, எல்லையின் ஆண்டு, குறியீட்டின் விதி, தரவின்மையின் அடையாளம் ஆகிய ஐந்தும் குறிவிளக்கத்திலோ அதன் அடியிலோ இடம்பெறுதல் நன்று.

முடிவுரை

நிலவரைபடத்தில் ஒரு குறியீட்டின் அளவு என்பது ஒரு கூற்று. அட்டவணையில் எழுதப்பட்ட எண்ணைப் போலவே அதுவும் சரிபார்ப்புக்கு உரியது. மொத்த எண்ணிக்கைக்கு அளவு மாறும் குறியீடும் விகிதத்திற்கு நிறச்செறிவும் பொருந்தும். வட்டத்தின் பரப்பே எண்ணுக்கு நேர்விகிதத்தில் அமைய வேண்டும். கண்ணின் குறைமதிப்பீட்டைத் திருத்தும் முறைகள் உண்டெனினும், அவை சிறியவற்றைச் சுருக்கும் விலையை எண்ணியே கையாளத்தக்கவை. வகுப்பெல்லைகள் படத்தின் அளவைக்கும் வினாவிற்கும் ஏற்பப் புதிதாக அமைய வேண்டும்.

பிழையான விதி பெருநகரங்களுக்குப் பெரிதும் தீங்கு செய்வதில்லை. எந்த விதியிலும் அவை தெரியும். கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களே தவறான விதியால் புள்ளியாகச் சுருங்குகின்றன, அண்டைநகரின் வட்டத்தினுள் மறைகின்றன, தேடப்படாமையால் வெற்றிடமாகின்றன. ஆய்வேடுகளை மதிப்பிடுவோர் அட்டவணையின் எண்களைச் சரிபார்ப்பது போலவே, படத்தின் வட்டமொன்றை அளவுகோலால் அளந்து, குறிவிளக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினால் இப்பிழைகளுள் பெரும்பாலானவை அச்சேறுவதற்கு முன்னரே களையப்படும்.